வீரமாமுனிவரும் நீதிமான் என்ற சொல்லும்



நமது ஆலயத்தின் பொன்விழா மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். புனிதர்களின் வரலாறுகள் பல உண்டு. ஆயினும் பீடத்தில் ஏற்றப்படாத ஒருவரை நாம் தேர்ந்துகொண்டோம். அவர்தாம் வீரமாமுனிவர். பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் என்று நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். தேம்பாவணி பாடியவர் என்று பெரியவர்களுக்குத் தெரியும். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை வைக்கப்பட்ட பெரியோர்களுள் அவரும் ஒருவர் என்பதையும் பலர் அறிவர். ஆனால் அவருடைய வாழ்வில் நம்முடைய இன்றைய குடும்பங்களைத் தொடுகிற ஒரு பகுதி உண்டு. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அதற்கு முன் நமது சொந்தக் குறை ஒன்றை அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இராஜபாளையத்தில் ஒரு துக்க வீட்டுக்குச் சென்றிருந்தோம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பங்குப் பெரியவர் ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய மைத்துனர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். விசுவாசித்தவர் இரட்சிக்கப்பட்டாயிற்று, பிறகு எதற்கு ஆன்மாவுக்குப் பூசை என்று அவர் கேட்டார். விசுவாசம் மட்டும் போதுமென்றால் பத்துக் கட்டளைகள் எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்டோம். குருமடத்தில் படித்த பாடமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குரலும் உயர்ந்தது. பிணத்தருகே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நாம் இன்னும் மறக்கவில்லை. தம் கணவர் கடவுளிடம் போய்ச் சேர்ந்தாரா என்பதே அவருடைய கவலை. எங்கள் இருவரில் ஒருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இதே வழக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் நடந்தது. அதில் ஒரு பக்கம் நின்றவர் வீரமாமுனிவர்.

இத்தாலியிலிருந்து கரிசல் காட்டுக்கு

கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். வட இத்தாலியில் மாந்துவா அருகேயுள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் லிஸ்பனில் கப்பலேறி 1710இல் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனில் அவருடைய பணி தொடங்கியது.

மதுரை மிஷன் என்றால் என்ன என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தே நொபிலி அடிகளார் தொடங்கிவைத்த வழி அது. காவியுடை உடுத்தி, புலால் நீக்கி, இந்நாட்டுத் துறவிகளைப் போலவே வாழ்ந்து வேதம் போதித்தனர். அவ்வழியில் வந்த அருளானந்தர் 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். அப்போது பெஸ்கி 12 வயதுச் சிறுவன்.

அவர் முதலில் உழைத்த இடங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. கோவில்பட்டி அருகேயுள்ள காமநாயக்கன்பட்டிதான் அவற்றுள் முக்கியமானது. ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு நம்மில் எத்தனை பேர் அங்கே போய் வருகிறோம்! அந்தக் கரிசல் மண்ணில் வெயிலும் புழுதியும் பாராமல் அவர் நடந்தார். தைரியநாதர் என்ற பெயரும் அவருக்கு வழங்கியது. தெற்கே குருக்கள்பட்டியில் அவர் பிடிபட்டு, மரண தண்டனைக்குத் தீர்க்கப்பட்டு, பின்னர் உயிர் தப்பினார். வந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. தமிழைச் செவ்வையாகக் கற்குமுன்பே தமிழ் மண்ணில் சாவதற்குத் தயாராக இருந்தவர் என்று நாம் அவரைப் பற்றிச் சொல்லலாம்.

ஏலாக்குறிச்சித் தவசி

1720 வாக்கில் கொள்ளிடக் கரைக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தங்கினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தை நிறுவியவரும் அவரே. அவருடைய தமிழ்ப் பணியை விரித்துச் சொல்ல இம்மலர் முழுவதும் போதாது. 1726இல் தேம்பாவணி, 1727இல் உபதேசியார்களுக்கான வேதியர் ஒழுக்கம், 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். நாம் இன்று எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் எழுத்தில் பிரித்து எழுதுகிறோமே, அந்தத் தெளிவும் அவர் செய்த சீர்திருத்தமே.

தரங்கம்பாடியோடு வழக்கு

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம், டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு, புளூச்சோ என்பது அவர்கள் பெயர். மார்ட்டின் லுத்தரின் வழியைப் பின்பற்றியவர்கள். அச்சுக்கூடம் அமைத்து 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். சீகன்பால்கு 1719இல் இளவயதிலேயே இறந்தார். ஆனால் சபை வளர்ந்தது. காவிரி நாட்டில் நம் கத்தோலிக்கர் சிலர் அப்பக்கம் போகத் தொடங்கினர்.

முனிவர் எழுதுகோலை ஆயுதமாக எடுத்தார். வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்கள் அப்படிப் பிறந்தவை. தரங்கம்பாடியார் மறுமொழி எழுதினர். இரு தரப்பிலும் சூடான சொற்கள் விழுந்தன. முனிவரின் உரைநடை அந்நூல்களில் வாள்போல் பாய்கிறது என்று தமிழறிஞர் போற்றுவர். ஆனால் அந்த வாள் சகோதரர்கள் மீதும் பாய்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது அக்காலத்து வழக்கம். ஐரோப்பாவில் இரு தரப்பாரும் போர்க்களத்தில் செய்ததை இங்கே ஓலையிலும் தாளிலும் செய்தனர்.

வழக்கின் வேர்

இந்தப் பிரிவினையின் வேரில் கிடந்த கேள்வி ஒன்றுதான். பாவியான மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆவது எப்படி? நீதிமான் ஆன பின் அவன் புனிதன் ஆவது எப்படி? இவ்விரண்டும் ஒன்றா, வேறா? புரோட்டஸ்டாண்டு சகோதரர்கள் முதலாவதை நீதிமானாக்கப்படுதல் என்றும் இரண்டாவதைப் பரிசுத்தமாக்கப்படுதல் என்றும் பிரித்துச் சொல்வர். 1995இல் இரு சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில், கடவுளுக்கு ஏற்புடையவராதல் என்று படிக்கிறோம்.

இதை விளக்க நம் ஊர்ப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் பங்கு மக்கள் பலருக்கு அத்தொழில் தெரியும். புண்பட்டவனுக்கு மருத்துவர் முதலில் அத்துணியால் கட்டுப் போடுகிறார். புண் மூடப்படுகிறது. ஆனால் உள்ளே தசை கூட வேண்டும்; புதுத் தோல் வளர வேண்டும். அது ஒரே நாளில் நடப்பதன்று. லுத்தர் வலியுறுத்தியது, கிறிஸ்துவின் நீதி பாவியை மூடுகிறது, அவன் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொண்டு வந்தால்தான் ஏற்றுக்கொள்வேன் என்று கடவுள் சொல்வதில்லை என்பது. விசுவாசத்தால் மட்டுமே அந்த நீதியை அவன் பெற்றுக்கொள்கிறான். குணமாவது அதன் பின் தொடரும் கனி. நம் திருச்சபையோ, 1547ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கத்தில் இதற்குத் தன் பதிலைத் தந்தது. நீதிமானாக்குதல் என்பது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள் மனிதனின் புனிதமும் புதுப்பிறப்பும் சேர்ந்ததே அது என்று போதித்தது. கட்டும் மருந்தும் ஒன்றே. மூடும்போதே ஆறத் தொடங்குகிறது என்பது நம் போதனை.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கியாக வேண்டும். கத்தோலிக்கர் நற்செயல்களால் மோட்சத்தை விலைக்கு வாங்குகிறவர்கள் என்று பிறர் சொல்வதுண்டு. நம்மில் சிலரும் அப்படியே நினைக்கிறோம். திரெந்து சங்கம் அப்படிச் சொல்லவே இல்லை. மனந்திரும்புதலின் தொடக்கமே கடவுளின் அருள்தான், அதற்கு முந்திய நம் புண்ணியம் எதுவும் அதைச் சம்பாதிக்க முடியாது என்பதே சங்கத்தின் தீர்ப்பு. நம் பாட்டிமார் மங்கள வார்த்தை செபத்தில் அருளுக்குப் பிரியதத்தம் என்ற சொல்லைச் சொல்லி வந்தனர். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. பிரியத்தோடு கொடுக்கப்பட்டது எதுவோ அதுவே பிரியதத்தம். கூலியைப் பிரியதத்தம் என்று யாராவது சொல்வார்களா?

அதேபோல, லுத்தரைப் பின்பற்றுவோர் நற்செயலைத் தள்ளியவர்கள் என்று நாம் நினைத்ததும் முழு உண்மையன்று. 1530இல் அவர்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கையே, விசுவாசம் நற்கனி தர வேண்டும் என்கிறது. சீகன்பால்கு வந்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமோ இதில் இன்னும் ஒருபடி மேலே நின்றது. மனமாற்றம் அன்றாட வாழ்வில் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தி, அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்திய இயக்கம் அது. தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் புனித வாழ்வை வலியுறுத்திய லுத்தரன்கள். ஏலாக்குறிச்சியில் இருந்தவர் அருளை நம்பிச் சாவையும் எதிர்கொண்ட கத்தோலிக்கர். இருவருக்கும் இடையே இருந்த தூரம் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் நமக்கு வைணவப் பெரியோரின் வழக்கு தெரியாததல்ல. தாய்ப் பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகிறது; குட்டி செய்வது ஒன்றுமில்லை. குரங்குக் குட்டியோ தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. இறைவன் மனிதனைக் காப்பது எந்த வகையில் என்று அவர்களும் இரு கலையாய்ப் பிரிந்து வாதித்தனர். மீட்பை ஆழ்ந்து சிந்திக்கும் எவரும் இந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டும் போலும்.

வளனார் காட்டும் விடை

முனிவர் தம் தர்க்க நூல்களில் தந்த விடையைவிடச் சிறந்த விடை தேம்பாவணியில் இருக்கிறது என்பது நம் எண்ணம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட அப்பெருங்காப்பியத்துக்கு அவர் யாரைத் தலைவனாக்கினார்? அரசனையா? போர்வீரனையா? தச்சரான சூசையப்பரை! வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார்.

நற்செய்தியில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை. மத்தேயு அவரைப் பற்றித் தரும் நற்சான்று ஒன்றே. அவர் நீதிமான் என்பதே அது. அந்த நீதிமான் செய்தது என்ன? தூக்கத்தில் ஒரு செய்தி வந்தது. ஆதாரம் கேட்கவில்லை, நம்பினார். அது விசுவாசம். விழித்தெழுந்தார், மரியாளைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். அது செயல். மறுபடி ஒரு செய்தி வந்தபோது இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார். பிறகு பல ஆண்டுகள் இழைப்புளியும் உளியுமாக, யாரும் அறியாமல் உழைத்தார். அது அர்ச்சிப்பின் நீண்ட வழி. நம்பியது எங்கே முடிந்தது, நடந்தது எங்கே தொடங்கியது என்று அந்த வாழ்வில் யாரால் கோடு கிழிக்க முடியும்? பவுலடியார் விசுவாசத்தைச் சொன்னபோதும், யாக்கோபு செயலைச் சொன்னபோதும் இருவரும் இப்படி ஒரு மனிதனையே மனத்தில் கொண்டிருந்தனர் என்று நாம் கொள்ளலாம்.

எதிர்த்தரப்பார் அச்சிட்ட நூல்

முனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் என்பர். அதை முதலில் அச்சிட்டது யார் தெரியுமா? 1738இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம்! யாரை எதிர்த்து நூல்கள் எழுதினாரோ அவர்களே அவருடைய நூலை அச்சேற்றினர். போதனையில் அவரை ஏற்காதவர்களும் அவருடைய தமிழ் இல்லாமல் போதிக்க முடியவில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கும்போது, ஆண்டவர் அன்றே ஒரு சிறு பாலம் போட்டு வைத்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

1740ஐ ஒட்டி மராட்டியர் படையெடுப்பால் திருச்சிச் சீமை குலைந்தது. முனிவர் ஏலாக்குறிச்சியை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று பழைய நூல்கள் பல கூறின. இன்று ஆராய்ச்சியாளர் ஏற்பது, கேரளத்து அம்பழக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் காலமானார் என்பது. அருளானந்தர் தலை கொடுத்த அதே பிப்ரவரி 4.

252 ஆண்டுகளுக்குப் பின்

அவர் இறந்து 252 ஆண்டுகள் சென்றபின், 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நம் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்குதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அன்று, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், அருளாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார். அப்படி ஏற்கும்போதே தூய ஆவியைத் தந்து நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பதே அதன் சாரம். தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அக்கூட்டமைப்பின் உறுப்பு என்பதை நினைவில் கொள்வோம். 2006இல் மெதடிஸ்தரும், 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அவ்வறிக்கையோடு இணைந்தனர். ஆங்கிலிக்கன் சபையாரும் 2016இல் அதன் சாரத்தை ஏற்றனர். 1947இல் இத்தகைய பல சபைகள் ஒன்றுசேர்ந்து உருவானதே நம் அண்டை வீட்டார் செல்லும் சி.எஸ்.ஐ. சபை.

எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதா? இல்லை. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று லுத்தரன்கள் சொல்வர். ஞானஸ்நானத்துக்குப் பின் பாவ நாட்டம் எஞ்சியிருந்தாலும், நாம் அதற்கு இசையாதவரை அது பாவமாகாது என்று நாம் சொல்வோம். நற்செயலுக்குப் பேறுபலன் உண்டு என்ற நம் பேச்சு அவர்கள் காதுக்கு இன்னும் உறுத்தும். கீழைத் திருச்சபைகளோ மீட்பு முழுவதையும் கடவுளின் வாழ்வில் மனிதன் பங்குகொள்ளுதல் என்று வேறு கோணத்தில் காண்கின்றன. ஆனால் இவற்றை வைத்து ஒருவரையொருவர் சபிக்கத் தேவையில்லை என்பது இன்று தெளிவாகிவிட்டது.

நமக்கு என்ன?

இது பேராசிரியர்களின் காரியம் என்று பங்கு மக்கள் தள்ளிவிட வேண்டாம். பேருந்து நிலையத்தில் நம் இளைஞனைப் பார்த்து, இரட்சிக்கப்பட்டாயா என்று ஒருவர் கேட்கிறார். அவன் விழிக்கிறான். ஞானஸ்நானத்தில் கடவுள் எனக்கு இலவசமாகத் தந்ததைக் கொண்டு இன்றும் நடந்துகொண்டிருக்கிறேன், முடிவுவரை நிலைத்திருக்க அவருடைய அருளையே நம்பியிருக்கிறேன் என்று அவன் அமைதியாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றொரு பக்கம், திருவிழாவுக்குப் பத்தாயிரம் நன்கொடை கொடுத்தேன், சுவாமி என்னைக் கைவிட மாட்டார் என்று கணக்குப் பார்ப்பவரும் நம்மிடையே உண்டு. ஞாயிறு பூசை கண்டால் போதும், தம்பியோடு உள்ள வரப்புத் தகராறு அப்படியே இருக்கட்டும் என்பவரும் உண்டு. முதலாமவர் அருளை மறந்தார். இரண்டாமவர் அர்ச்சிப்பை மறந்தார். ஒருவர் கடவுளுக்கே கடன் கொடுத்ததாக நினைக்கிறார். மற்றவர் கட்டுப் போட்ட புண்ணை அழுக்கிலேயே வைத்திருக்கிறார்.

அந்தத் துக்க வீட்டு அம்மாளைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கச் சென்றோம். அன்று சொல்லத் தவறியதைச் சொன்னோம். உங்கள் கணவரை ஏற்றுக்கொண்டது கடவுளின் இரக்கம், அவர் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்ததும் அண்டை வீட்டாருக்கு உதவியதும் அந்த இரக்கம் அவருக்குள் செய்த வேலை, நாம் அவருக்காக மன்றாடுவது அதே இரக்கம் தன் வேலையை நிறைவாக்கும்படியே என்றோம். மைத்துனரும் அங்கே இருந்தார். அவர் மறுத்துப் பேசவில்லை. அவரே ஒரு செபம் சொன்னார். நாமும் ஒன்று சொன்னோம்.

இந்த ஆலயத்தை 50 ஆண்டுகளுக்கு முன் எழுப்பியவர்கள் கல்லும் மண்ணும் சுமந்தனர். அந்த உழைப்பு அவர்களுடையது. சுமக்கும் மனத்தைத் தந்தவர் ஆண்டவர். பொன்விழாக் காணும் நாம் இரண்டையும் நன்றியோடு நினைப்போம். வீரமாமுனிவர் கைக்கொண்ட வாளை உறையில் போட்டுவிட்டு, அவர் பாடிய நீதிமானாம் சூசையப்பரின் வழியில் நடப்போம். அடைக்கல மாதாவின் வேண்டுதலும் சூசையப்பரின் பாதுகாவலும் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தோடும் இருப்பதாக. ஆமென்.